கந்துவட்டிக் கடனும் சட்டமும்: ராமநாதபுரம் கடலோர மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த 61 நாளுக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதே நேரத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்து பார்க்க வேண்டும், வலை வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் தொடங்கி தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரையிலும் வட்டிக்காரர்களுக்கு அதுதான் சீசன். தடைக்காலம் முடிந்தும் பாடு (மீன் கிடைப்பது) சரியில்லை என்றால் வட்டி நிற்காது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் படகு அங்கே கிடக்கும், அதன் மேல் வாங்கிய கடன் இங்கே வளரும்.

இந்த நிலையில் சட்டம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கந்துவட்டிச் சட்டம் வட்டியைத்தான் வெட்டும், கடனை அழிக்காது. வாங்கிய அசலும் அதற்குச் சட்டம் அனுமதிக்கும் வட்டியும் நீங்கள் கொடுக்க வேண்டியவைதான். "கேஸ் போட்டால் ஒரு பைசா தர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நம்பிக்கையில் நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்து, வழக்கில் தோற்றவர்கள் நிறையப் பேர்.

எது கந்துவட்டி

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003. எல்லோரும் கந்துவட்டித் தடைச் சட்டம் என்பது இதைத்தான். சினிமா தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் 2003 மே மாதம் தற்கொலை செய்துகொண்டதும், அதில் கடன் நெருக்கடி பற்றிய பேச்சு எழுந்ததும், அதையொட்டி முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முழுச் சட்டமாகவும் வந்தது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே இந்தச் சட்டம் எடுத்து வரையறுத்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இந்த வார்த்தைகளைப் பார்க்கும்போது, எழுதியவர்களுக்குத் தெரு தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

அளவுகோல் எங்கே இருக்கிறது என்றால், அதற்கு முந்தைய வட்டித்தொழில் சட்டத்தில், அதாவது 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதன்படி அரசு நிர்ணயித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தனிவட்டி. நம் பேச்சு வழக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். அதற்கு மேல் வாங்கினால் அது அதீத வட்டி. வட்டித்தொழில் செய்கிறவர் தாசில்தாரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்பதும் அந்த 1957 சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் 2003 சட்டத்தின் 3 ஆம் பிரிவு, கடன் கொடுத்த "எந்த நபரும்" அதீத வட்டி வாங்கக் கூடாது என்கிறது. லைசென்ஸ் இருக்கிறவர், இல்லாதவர், பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் யாராக இருந்தாலும் பொருந்தும். மீறினால் 4 ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

அப்படிப் பார்த்தால் ஊரில் "நியாயமான வட்டி" என்று சொல்லிக்கொள்ளும் மூன்று வட்டிகூட ஆண்டுக்கு 36 சதவீதம். ஐந்து வட்டி 60. பத்து வட்டி 120. வங்கிகள், ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்கள், நகை அடகுக் கடைகள் ஆகியவற்றுக்கு வேறு விதிகள். இங்கே பேசுவது தனியார் கைக்கடன், நோட்டுக் கடன், தண்டல் பற்றி.

முதல் வேலை: உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள்

போலீஸுக்கோ வக்கீலிடமோ போகும் முன், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி உட்காருங்கள். கையில் எவ்வளவு வந்தது, எந்தத் தேதி, யார் கூட இருந்தார்கள், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கொடுத்தீர்கள், கையிலா போனிலா என்று எழுதுங்கள். தேதி ஞாபகம் இல்லையென்றால், "தங்கச்சிமடம் திருவிழாவுக்கு மறுநாள்", "தடைக்காலம் முடிந்த வாரம்" என்று எழுதினாலும் போதும். பிறகு சேர்த்துத் தேதி கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம். ஒருவர் 50,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்குகிறார். முதல் மாத வட்டி 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 45,000 கொடுக்கிறார்கள். அதன்பின் மாதம் 5,000 வீதம் 14 மாதம் கட்டிவிட்டார். மொத்தம் 70,000 ரூபாய். வட்டிக்காரர் சொல்வது: "அசல் அப்படியே நிற்குது."

சட்டப்படியான வட்டியில் இதே கணக்கைப் போடுங்கள். கையில் வந்தது 45,000, ஆகவே அசல் 45,000. மாத வட்டி ஒரு சதவீதம், 450 ரூபாய். முதல் மாதம் கட்டிய 5,000-இல் 450 வட்டிக்குப் போக, மீதி 4,550 அசலில் கழியும். நிலுவை 40,450. அடுத்த மாத வட்டி 404 ரூபாய் 50 காசு, மீதி மறுபடி அசலுக்கு. இப்படியே போனால் 9 மாத முடிவில் நிலுவை 2,373 ரூபாய். 10 ஆம் மாதம் சுமார் 2,397 ரூபாயோடு கடன் தீர்ந்துவிடுகிறது. ஆக மொத்தம் 47,397 ரூபாய் கட்டியிருந்தால் போதும். அவர் கட்டியது 70,000. கூடுதலாகப் போனது 22,603 ரூபாய்.

நீதிமன்றம் இதே முறையில்தான் கணக்குப் பார்க்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இப்படி ஒரு தாள் கையில் இருந்தால் ஸ்டேஷனில் பேச்சு மாறும். "அண்ணே, ரொம்ப வட்டி வாங்குறாங்க" என்று அழுதுகொண்டு நிற்பவரிடம் கேட்காத கேள்வியை, தாளோடு நிற்பவரிடம் கேட்டு, பதிலை எழுதியெடுப்பார்கள்.

தண்டலுக்கும் ஒரு கணக்கு. 10,000 என்று சொல்லி 8,500 கையில் தருவார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள். "1,500 ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் தினமும் அசலும் சேர்ந்துதான் திரும்பிப் போகிறது, 8,500 முழுதும் 100 நாள் உங்கள் கையில் இருப்பதில்லை. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும். 12 சதவீதத்தில் அதே கடனுக்கு வட்டி சுமார் 140 ரூபாய்.

இரண்டாவது: ஆதாரம் சேர்ப்பது

இந்தக் கடன்களில் எழுத்தெல்லாம் கொடுத்தவரிடம் இருக்கும், வாங்கியவரிடம் ஒன்றுமே இருக்காது. இதுதான் நம் பக்கத்தின் பெரிய பலவீனம். அதனால் இன்றிலிருந்தாவது பணத்தைக் கையில் கொடுக்காமல் ஜிபே, போன்பே அல்லது வங்கி வழியாக அனுப்புங்கள். அனுப்பும்போது குறிப்பில் "வட்டி" என்று மாதத்தோடு எழுதுங்கள். கையில்தான் வாங்குவேன் என்று அவர் அடம்பிடித்தால், கொடுத்த பிறகு "இன்று 5,000 கொடுத்தேன் அண்ணாச்சி" என்று வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள். "சரி" என்று அவர் ஒரு சொல் பதில் போட்டால்கூட அது ஆதாரம்.

தண்டல் அட்டை இருந்தால் பத்திரமாக வையுங்கள். முடிந்ததும் பிடுங்கிக் கிழிப்பது அவர்கள் வழக்கம், அதனால் வாராவாரம் போட்டோ எடுத்துவிடுங்கள். மிரட்டல் போன் வந்தால் பதிவு செய்யுங்கள், ஆனால் பதிவை மட்டும் பெண்டிரைவில் ஏற்றிவிட்டு போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் தர வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. வங்கிக் கணக்கில் அந்த நாளில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு எடுத்தீர்கள் என்ற ஸ்டேட்மென்டையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

அவர் கையில் இருக்கும் தாள்கள்

இது கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

முதலில் புரோநோட்டு. அச்சடித்த தாள், ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே உங்கள் கையெழுத்து அல்லது கைநாட்டு. தேதி இருக்கும் இடம் காலி. எண்ணால், எழுத்தால் என்று இருக்கும் தொகை இடம் காலி. சாட்சி இடமும் காலி. பின்பக்கத்தில் தேதி போடாத இரண்டு கையெழுத்து. முன்பக்கக் காலியிடம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். பின்பக்கத்துக் கையெழுத்து எதற்கு என்று பலருக்குத் தெரியாது. நோட்டுக் கடனுக்குக் காலவரையறை 3 ஆண்டு. அதற்குள் ஒரு தொகை வரவு வைத்ததாகவோ கடனை ஒப்புக்கொண்டதாகவோ பின்னால் எழுதிக் கையெழுத்து இருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 ஆண்டு ஓடும். தீர்ந்துபோன கடன் பத்து வருடம் கழித்து எழுந்து வருவது இப்படித்தான்.

காலி நோட்டில் கையெழுத்துப் போட்டது செல்லாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. அது தவறு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் (1881) 20 ஆம் பிரிவு, முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காலித் தாளை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் தந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. 118 ஆம் பிரிவு, அந்த நோட்டுக்குப் பணம் கைமாறியது என்று முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. அனுமானம் என்றால் முடிந்த முடிவு என்று அர்த்தமில்லை, அதை உடைக்கலாம். ஆனால் உடைக்கும் பொறுப்பு நம் தலையில்.

செக் விஷயமும் அதேதான். கையெழுத்திட்டுக் கொடுத்த காலிச் செக்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு பசலிங்கப்பா வழக்கில், அந்த அனுமானத்தை உடைக்க நூறு சதவீத நிரூபணம் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று காட்டினால் போதும், இவ்வளவு பணம் கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா என்றும் கேட்கலாம் என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வட்டிக்காரர் பக்கத்து வக்கீல் முதலாவதை மட்டும்தான் சொல்வார்.

செக்கில் இன்னொரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. செக் கொடுத்த பிறகு நீங்கள் ஒரு பகுதியைக் கட்டிவிட்டீர்கள். அவர் அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கு வங்கியில் போட்டுத் திருப்புகிறார். அப்படிப் போட்டால், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138 ஆம் பிரிவின் (அதே மாற்றுமுறை ஆவணச் சட்டம்) கீழ் குற்றம் ஆகாது என்று 2022-இல் தஷ்ரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது புரியும், ஜிபேயில் கட்டச் சொன்னது ஏன் என்று.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பத்திரம். "சும்மா பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கிரய ஒப்பந்தமோ பவரோ (சொத்தை விற்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வாங்குவார்கள். சிலர் முழுக் கிரயமே எழுதிக் கொடுத்துவிட்டு, வட்டி கட்டி முடித்ததும் திருப்பி எழுதித் தருவார் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பதிவான கிரயத்தை "இது கடனுக்காக எழுதியது" என்று நிரூபிப்பது கடினம், ஆனால் முடியாததில்லை. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், வரியும் கரண்ட் பில்லும் யார் கட்டுகிறார்கள், எழுதிய விலைக்கும் உண்மையான விலைக்கும் எவ்வளவு தூரம், எழுதி வாங்கியவர் இதே மாதிரி எத்தனை பேரிடம் எழுதி வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். என் கருத்தைக் கேட்டால், நோட்டுக்கு மேல் நோட்டு எழுதிக் கொடுத்தாலும் கொடுங்கள், பதிவாளர் அலுவலகப் படி மட்டும் ஏறாதீர்கள்.

ஏ.டி.எம். கார்டு தனி ரகம். கடல்பாசி எடுக்கிற பெண்கள், ஓய்வூதியம் வாங்குகிற முதியவர்கள், நிவாரணத் தொகை வரும் குடும்பங்கள் ஆகியோரின் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் பின் நம்பரைச் சின்னத் தாளில் ஒட்டி வைத்திருப்பார்கள். பணம் ஏறிய அன்றே எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இதற்கு வழக்கெல்லாம் அப்புறம். வங்கிக்குப் போய், அல்லது கார்டின் பின்னால் உள்ள வங்கி எண்ணுக்கு அழைத்துக் கார்டைப் பிளாக் செய்து புதுக் கார்டு கேளுங்கள். அரை மணி நேர வேலை. ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அடையாள அட்டை எதையும் ஈடாகப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

யாவாரி கொடுத்த முன்பணம்

நம் கரையில் அதிகம் தலைகாட்டும் சிக்கல் இது. வல்லத்துக்கோ (நாட்டுப் படகு) என்ஜினுக்கோ யாவாரி, அதாவது மீன் வியாபாரி, முன்பணம் தருகிறார், வட்டி என்று எதுவும் பேசுவதில்லை. பதிலுக்கு, பிடிக்கிற மீன், நண்டு, இறால் எல்லாம் அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. பக்கத்து ஏலக்கூடத்தில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடப் போனாலும் விற்க முடியாது. முன்பணமும் குறையாது. பாசிக்கும் இதே கதைதான்.

வட்டி என்ற பெயர் இல்லாததால் இது சட்டத்துக்கு வெளியே என்று நினைக்க வேண்டாம். 1918 ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன் சட்டம், உண்மையில் கொடுத்த தொகைக்கு மேல் திரும்பக் கிடைப்பது எதுவானாலும், அதை வட்டி என்ற பெயரில் கேட்டாலும் வேறு பெயரில் கேட்டாலும், வட்டி என்றே கொள்கிறது. ஆகவே விலைக் குறைப்பையும் வட்டியாகக் காட்டி வாதாட இடம் இருக்கிறது. அதற்கு, அன்றன்று அவர் கொடுத்த விலைச் சீட்டும், அதே நாளில் ஏலத்தில் போன விலையும் கையில் இருக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால் இந்த வாதம் சுலபமில்லை. யாவாரியுடன் பகைத்துக்கொண்டால் அடுத்த வாரம் ஐஸுக்கும் டீசலுக்கும் யார் கடன் தருவார் என்ற கேள்வியும் சும்மா தள்ளிவிடக் கூடியதில்லை. பெரும்பாலும் ஊர்க் கமிட்டியிலோ சங்கத்திலோ கணக்கைப் போட்டு முன்பணத்தைத் தவணையில் கழிப்பதுதான் நடக்கிற காரியம். அந்தப் பேச்சுக்குச் சட்டம் பின்னால் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

புகார் கொடுப்பது எப்படி

உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். புகாரில் கோபம் குறைவாகவும் தேதி அதிகமாகவும் இருக்கட்டும். இந்த மாதிரி போதும்:

"நான் மேற்படி முகவரியில் வசித்து மீன்பிடித் தொழில் செய்து வருகிறேன். இன்ன தேதியில் இன்னாரிடம் 50,000 ரூபாய் கடன் கேட்டதில், முதல் மாத வட்டி 5,000 பிடித்துக்கொண்டு 45,000 கொடுத்தார். தேதி, தொகை எழுதாத புரோநோட்டு ஒன்றிலும், இன்ன வங்கியின் இரண்டு காலிச் செக்குகளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாதம் 5,000 வீதம் இதுவரை 70,000 கட்டியுள்ளேன், விவரம் இணைப்பில். இன்ன தேதி மாலை என் வீட்டுக்கு வந்து, என் மனைவி முன்னிலையில் இன்ன வார்த்தைகள் சொல்லி மிரட்டினார். அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003, பிரிவு 4-இன்படியும் இதர சட்டப் பிரிவுகளின்படியும் நடவடிக்கை எடுத்து, என் ஆவணங்களை மீட்டுத் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

செக் எண்களைக் கட்டாயம் எழுதுங்கள். செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கும். அவர் பிறகு அந்தச் செக்கை நிரப்பி வழக்குப் போட்டால், அதற்கு முன்பே அதே எண்ணைச் சொல்லி நீங்கள் புகார் கொடுத்திருப்பது பெரிய பலம். நோட்டீஸ் வந்த பிறகு கொடுக்கிற புகாரை யாரும் அவ்வளவாக நம்ப மாட்டார்கள்.

மிரட்டல், வீடு புகுதல், அடைத்து வைத்தல், பொருளைப் பறித்தல் எல்லாம் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றங்கள். வட்டிக்காரர் சார்பாகத் தொல்லை கொடுத்ததால் கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தாரோ தற்கொலை செய்துகொண்டால், தொல்லை கொடுத்தவர் தூண்டியதாகவே கருதப்படுவார், இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு என்றும் 2003 சட்டம் சொல்கிறது. மனம் அந்த அளவுக்கு உடைந்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 104-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தருவது) வாங்காமல் வராதீர்கள். வழக்குப் பதிந்தால் எப்.ஐ.ஆர். நகல் இலவசம். நிலையத்தில் வாங்க மறுத்தால் அதே புகாரை ராமநாதபுரத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அதற்கு மேலே மதுரைக் கிளை உயர் நீதிமன்றம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவும் பயன்தான், ஆனால் அது சுற்றிக் கடைசியில் போலீஸுக்கே வரும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷனில் இரண்டு பேரையும் உட்கார வைத்து "எவ்வளவு தர்றே, எப்ப தர்றே" என்று பேசி எழுதி வாங்கப் பார்ப்பார்கள். பணம் வசூலித்துத் தருவது போலீஸ் வேலையில்லை. படித்துப் பார்க்காமல், தொகை சரியில்லாமல் அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது, கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க. கடன் ஆப், அடியாள் வைத்து வசூல், வீட்டு வாசலில் உட்கார்ந்து அசிங்கப்படுத்துவது, ஆவணங்களைப் பிடுங்குவது ஆகியவை இதில் வரும். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பதிவு பெற்ற நிறுவனத்தின் மகளிர் குழு லோன் என்றால் ரிசர்வ் வங்கி விதி ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. புகார் எண் 14448.

நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிடுவது

2003 சட்டத்தில் யாரும் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வட்டிக்காரர் வழக்குப் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவரே எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, தர வேண்டிய அசலையும் சட்டப்படியான வட்டியையும் அங்கே கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். அதே மனுவில் ஆவணங்களையும் பொருளையும் திருப்பித் தர உத்தரவிடவும் கேட்கலாம். மேலே போட்ட கணக்குத் தாள்தான் இந்த மனுவுக்கு அடிப்படை. "ஏமாற்றப் பார்க்கிறான்" என்று அவர் ஊரில் பேச முடியாது, பணம் கோர்ட்டில் கிடக்கிறது.

அவர் வழக்குப் போட்டால்

செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாள் உங்களுக்கு. அந்த 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் கொடுத்தே ஆக வேண்டும், உண்மையில் எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்ற விவரத்தோடு. தபால்காரர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை, சரியான முகவரிக்கு அனுப்பினாலே சேர்ந்ததாகக் கருதுவார்கள்.

நோட்டுக்கு சிவில் வழக்கு வந்தால், சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் பதிலுரை. போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். பதிலுரையில் 1918 சட்டத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வட்டி மிகையாக இருந்து, பரிவர்த்தனையும் நியாயமற்றது என்று தெரிந்தால், நீதிமன்றம் முடிந்துபோன கணக்கைக்கூடத் திறந்து பார்க்கலாம், மிகை வட்டியை நீக்கலாம், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தரவும் உத்தரவிடலாம். அதோடு ஒப்பந்தச் சட்டம் (1872) 16 ஆம் பிரிவில் ஒரு உதாரணம் இருக்கிறது: ஊர் வட்டிக்காரருக்கு ஏற்கெனவே கடன்பட்டவர், பார்த்தாலே அநியாயம் என்று தெரியும் நிபந்தனையில் அவரிடமே மறுபடி கடன் வாங்குகிறார். அழுத்தம் எதுவும் கொடுக்கவில்லை என்று நிரூபிப்பது வட்டிக்காரர் பொறுப்பு என்கிறது சட்டம். பழைய நோட்டைக் கிழித்து வட்டியையும் சேர்த்துப் புது நோட்டு எழுதுகிற வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது.

பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்க முடியாது. "உள்ளே தள்ளிடுவேன்" என்று பெண்களை மிரட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். செக் வழக்கு மட்டும் குற்ற வழக்கு, அது வேறு.

வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

தீர்க்கும்போது

பேச்சுவார்த்தையில் முடிகிற கடன்கள்தான் அதிகம். ஊர்த் தலைவர், ஜமாஅத், பங்குத் தந்தை என்று யாராவது நடுவில் இருப்பார்கள். நல்லதுதான். ஆனால் கடைசித் தவணையைக் கொடுப்பதும் தாள்களை வாங்குவதும் ஒரே இருக்கையில் நடக்க வேண்டும். "நோட்டு வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தர்றேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். வாங்கிய நோட்டு உங்கள் கையெழுத்துள்ள மூலத் தாள்தானா, கலர் ஜெராக்ஸா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஸ்டாம்பின் ஓரம் விரலில் தட்டுப்பட வேண்டும். செக் எண்களைச் சரிபாருங்கள். கிடைக்காத செக் இருந்தால் எண்ணைச் சொல்லி வங்கியில் நிறுத்தச் சொல்லுங்கள், அப்படி நிறுத்தியதையும் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். "இன்னாருக்கும் எனக்கும் இன்று வரை உள்ள கொடுக்கல் வாங்கல் முழுதும் தீர்ந்தது, அவருடைய கையெழுத்துள்ள வேறு எந்த ஆவணமும் என்னிடம் இல்லை, இருந்தாலும் செல்லாது" என்று எழுதி அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் வாங்குங்கள். கிரய ஒப்பந்தமோ பவரோ பதிவாகியிருந்தால் அதே வாரத்தில் பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் எழுதி, வில்லங்கச் சான்று எடுத்து அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாமல், "ரத்து" என்று குறுக்கே எழுதி அந்தத் தீர்வைத் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.